முதலில் பூச்சு, அப்புறம் நிறம்: ராயபுரம் படிப்பகச் சீரமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தெருப் படிப்பகத்தின் சீரமைப்புக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்கள், அக்காமார்கள், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

படிப்பகத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி முடிவெடுக்கப் போவதாக வாசல் பலகையில் எழுதியிருக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் போட்டிருக்கிறது. அதற்கு முதலில் நன்றி. ஆனால் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம்; நான் சொல்ல வேண்டியது அதில் அடங்காது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி என்று இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி பெயிண்டிங் வேலை செய்து பிழைத்தவன் நான். எனக்கு அதிகம் வந்தது பழைய வீட்டு வேலைதான். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். தெருவில் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஷேடு கார்டை, அதாவது பெயிண்ட் கடை தருகிற நிற மாதிரி அட்டையை, விரிப்பதற்கு முன்னால், இந்தச் சுவர் எந்தப் பூச்சைத் தாங்கும் என்று முடிவு செய்யுங்கள். அது முடிவானால் நிறத்துக்கான சண்டையில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நம் படிப்பகம் சுண்ணாம்புக் கட்டடம். செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டி, மேலேயும் சுண்ணாம்பிலேயே பூசியிருக்கிறார்கள். தலைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், குறுக்கே கட்டைகள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதித்த மாடி. பழவேற்காடு, எண்ணூர் மாதிரி கழிமுகங்களில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு இந்த ஊரில் புழங்கிய காலம் அது. அந்தச் சுண்ணாம்பை மைய அரைத்து, பூசித் தேய்த்து மினுக்கிய சுவரைப் பார்த்துவிட்டு, சலவைக்கல்லோ என்று கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 'மெட்ராஸ் சுன்னம்' என்று அதற்கு வெளிநாட்டிலும் பெயர் இருந்தது.

இப்படிப்பட்ட சுவர் ஈரத்தைக் குடிக்கும், காற்றும் வெயிலும் பட்டால் வெளியே விட்டுவிடும். அந்தக் காலக் கட்டடங்களில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் தடுக்கும் அடுக்கு போடும் வழக்கமில்லை. மண்ணிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். நமக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஏறுகிற ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் ஈரம் ஆவியாகிப் போய், உப்பு மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அதே சுவரில் பட்டி மாவு இழுத்து, பிரைமர் கொடுத்து, எமல்ஷன் என்கிற பிளாஸ்டிக் பெயிண்டை ஏற்றினால் ஈரம் போக வழியில்லை. உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகம் கட்டி, உட்கார இடம் இல்லாமல் பூச்சையே முன்னால் தள்ளும்.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். நாளிதழ் மேஜைக்குப் பின்னால் இருக்கிற மேற்குச் சுவரைப் போய்ப் பாருங்கள். கீழே மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறது. ஓதத்தை அடக்கலாம் என்று எப்போதோ செய்த வேலை. அந்தச் சிமெண்ட் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு எமல்ஷன் பொரித்த அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பட்டென்று உடையும். உள்ளே வெள்ளைப் பொடி. நுனி நாக்கில் வைத்தால் கரிக்கும். பொடிக்குப் பின்னால் மாவாகிப் போன சுண்ணாம்புப் பூச்சு. அதற்கும் பின்னால் செங்கல்லின் முகம் பொரிந்து சிவப்புத் தூளாகக் கையில் வருகிறது. ஈரம் எங்கேயும் போகவில்லை. சிமெண்டுக்குள்ளேயே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் வெளியே வந்திருக்கிறது. இப்போது சுவர் முழுக்க பட்டியும் எமல்ஷனும் என்றால், அந்த ஒரு முழக் கொப்புளத்தைக் கூரை வரைக்கும் ஏற்றிவிடுகிறோம் என்று அர்த்தம்.

டப்பாவின் மேல் இத்தனை வருஷம் உத்தரவாதம் என்று போட்டிருப்பதைக் குழுவில் ஒருவர் எடுத்துச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த உத்தரவாதம் பொய் இல்லை. நன்றாகக் காய்ந்த சிமெண்ட் பூச்சில், சொன்ன முறைப்படி அடித்தால் அந்தப் பெயிண்ட் அத்தனை வருஷம் நிற்கும். ஓதம் ஏறுகிற சுண்ணாம்புச் சுவருக்கு அந்த வாக்குறுதியை யாரும் தரவில்லை. சிறிய எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளைப் படித்தால் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் அந்தச் சுவருக்கு எமல்ஷன் ஆகாது. மேற்குச் சுவரில் ஒன்று, தெருப்பக்கச் சுவரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டிப் பார்ப்பது நல்லது.

சரி, சுண்ணாம்புதான் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் நிறம்?

சுண்ணாம்பு காரமான பொருள். எல்லாச் சாயமும் அதில் உயிரோடு இருக்காது. செங்காவி, மஞ்சள் காவி, இரும்பு ஆக்சைடு கறுப்பு, நீலம் என்று கைவிரலில் எண்ணக்கூடியவைதான் தாக்குப்பிடிக்கும். ஆயிரக்கணக்கான ஷேடு இருக்கிற கார்டிலிருந்து இந்த நாலைந்துக்கு வருவது நஷ்டம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊரின் பழைய தெருக்கள் கண்ணுக்கு இதமாக இருந்ததற்கு இந்த நாலைந்தே காரணம். ஒரு வீட்டு மஞ்சளும் பக்கத்து வீட்டு மஞ்சளும் வேறு வேறு அழுத்தத்தில் இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. எல்லாம் மண்ணிலிருந்து வந்த நிறம்.

நூலகர் அக்காவிடம் கேட்டுவிட்டு, வடக்குச் சுவரில் இரும்பு அலமாரியை நகர்த்தி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டிப் பார்த்தேன். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அப்புறம் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். மேலே இப்போது இருக்கிற கிரீம் நிற எமல்ஷன். அதன் கீழ் இளம்பச்சை டிஸ்டம்பர். அதற்கும் கீழே ரோஸ். அப்புறம் நீலம் கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு, மெல்லிய மெல்லிய அடுக்காக எண்ண முடியாத அளவுக்கு. பொங்கலுக்குப் பொங்கல் அடித்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பூச்சோடு பூச்சாக ஒட்டிக்கொண்டு, ஒரு வெளிர் மஞ்சள். கட்டியவர்கள் முதலில் அடித்த நிறம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரே இடத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. வெளிப்பக்கம் சன்ஷேடுக்குக் கீழே மழை படாத மூலையிலும், மாடிப்படி வளைவிலும் சுரண்டிப் பார்க்க அனுமதி கொடுங்கள்.

முதலில் இருந்தது என்பதற்காக மட்டும் மஞ்சளைச் சொல்லவில்லை. படிப்பகக் கூடத்துக்கு ஜன்னல்கள் தெருப்பக்கம்தான். எதிர்வீடு ஓட்டு வீடாக இருந்தபோது காலை வெயில் நேராக உள்ளே வரும். இன்றைக்கு எதிரே மூன்று மாடி. மத்தியானத்திலேயே டியூப் லைட் போட வேண்டியிருக்கிறது. இந்த நிலைமையில் மேஜைக்கு எதிர்ச் சுவரைக் கருஞ்சாம்பல் நிறத்தில் 'ஆக்சென்ட் வால்' ஆக்கலாம் என்ற யோசனையைக் கைவிடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளைச் சுண்ணாம்பு தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் திருப்பித் தரும். கருஞ்சாம்பல் பத்தில் ஒரு பங்கு தந்தால் பெரிது. ஓட்டல்களில் அந்த நிறம் நன்றாக இருக்கிறது, நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். இங்கே குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலை முதல் இரவு வரை பொடி எழுத்தில் கண்ணை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்கள் பேப்பரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வெளிச்சம். கூடத்துச் சுவர் வெளிர் மஞ்சள், கூரையில் கட்டைகளுக்கு இடையே நீலம் போட்ட வெள்ளை, தேக்குக் கட்டைகளுக்கு எண்ணெய் மட்டும். கட்டைமேல் கறுப்பு எனாமல் வேண்டவே வேண்டாம்.

வெளிப்புறத்துக்குச் சிவப்பு என்று சொல்கிறவர்கள் ராயபுரம் ரயில் நிலையத்தைக் காட்டுகிறார்கள். 1856-ல் திறந்த நிலையம், நம் பேட்டையின் பெருமை, சந்தேகமே இல்லை. ஆனால் அது பரந்த வெளியில், உயரமான தூண் வரிசையோடு, தள்ளி நின்று பார்க்கிற மாதிரி நிற்கிறது. நம் கட்டடம் சந்துக்குள் இருக்கிறது. தள்ளி நிற்க இடமில்லை. இந்தச் சந்தில் அடர்ந்த சிவப்பு அடித்தால் எதிர்வீட்டுத் திண்ணைகூட இருண்டுவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றமும் எழும்பூர் நிலையமும் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, பழைய கட்டடம் என்றாலே சிவப்பு என்று ஒரு நினைப்பு ஊருக்குள் பரவிவிட்டது. 1892-ல் திறந்த உயர் நீதிமன்றத்தின் சிவப்பு, செங்கல்லின் சிவப்பு. அந்தப் பாணியில் செங்கல் முகத்தை வெளியே காட்டுவதற்கென்றே கட்டினார்கள். பூசி மறைத்த சுவருக்கு அந்தச் சிவப்பைப் பெயிண்டில் கொண்டுவருவது அந்தக் கட்டடத்துக்கும் மரியாதை இல்லை, இந்தக் கட்டடத்துக்கும் மரியாதை இல்லை. ஊரில் பழைய கட்டடங்களுக்கு ஒரே நிறம் இருந்ததும் இல்லை. 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை வெள்ளையாகத்தானே நிற்கிறது?

வெளிச் சுவருக்கு வெளிர் நிறம் என்றதும் பெரியவர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: "ராயபுரத்தில் வெள்ளை நிற்காதுப்பா, ஆறு மாசத்தில் கறுத்துவிடும்." அவர்கள் அனுபவத்தில் சொல்வது உண்மை. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் கொடியில் காய்ந்த வேட்டியே சாம்பலாகத்தான் வரும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் மை ஒட்டும். அப்போது இந்தப் பக்கம் அடர்ந்த நிறம் கேட்டு அடித்ததற்கு அதுதான் காரணம். உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு, 2011-ல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டன. நம் சுவர் பிழைத்தது. அந்தத் தூசியை இப்போது எண்ணூரில் இருக்கிற நம் ஜனங்கள் சுவாசிக்கிறார்கள் என்பது வேறு வருத்தம், அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்றைக்கு நமக்கு மிச்சம் கண்டெய்னர் லாரிப் புழுதிதான். புழுதி மஞ்சளில் அவ்வளவாகத் தெரியாது. தரையிலிருந்து மூன்றடிக்குச் செங்காவிப் பட்டை ஒன்று ஓட்டிவிட்டால் சேறும் செருப்புத் தடமும் மறைந்துவிடும். பழைய வீடுகளில் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

இன்னொரு விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கூட்டத்தில் எல்லோர் மனதிலும் இருக்கும். நம் பக்கத்தில் சுவர் நிறம் என்பது வெறும் நிறம் இல்லை. சிவப்பு ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் இன்னொன்று. பச்சை என்றால் ஒரு நினைப்பு, காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தால் கோயில் மதில். கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை மாதா கோயிலும் தர்காவும் அம்மன் கோயிலும் தோளோடு தோள் உரசி நிற்கிற பேட்டை இது. பி அண்ட் சி துணி மில்லும் துறைமுகமும் முழு வேகத்தில் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து வந்த எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்த இடம் நம் படிப்பகம். உள்ளே நுழைகிற பிள்ளை 'இது நமக்கான இடம் இல்லையோ' என்று வாசலில் தயங்கக் கூடாது. வெளிர் மஞ்சளுக்கு இங்கே யாரும் உரிமை கொண்டாடப் போவதில்லை. அதுவும் நான் அதைச் சொல்வதற்கு ஒரு காரணம், சின்னக் காரணம் இல்லை.

தம்பிகள் வெளிச் சுவரில் பெரிய ஓவியம் வேண்டும் என்கிறார்கள். ஆசை நியாயமானது. கண்ணகி நகரில் 2020 வாக்கில் குடியிருப்புச் சுவர்களில் வரைந்தது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தோம். அவை சிமெண்ட் பூசிய புதிய சுவர்கள், அக்ரிலிக் நிற்கும். நம் சுவரில் வரைந்தால் அடுத்த ஐப்பசி மழைக்குள் முகத்தில் கொப்புளம் வரும். பின்பக்கம் புதிதாகக் கட்டிய கழிப்பறையும் காம்பவுண்டும் சிமெண்ட்தான். அந்த நீளமான காம்பவுண்டை முழுசாகத் தம்பிகளிடம் கொடுத்துவிடுங்கள்.

கதவு, ஜன்னல் பற்றி ஓர் எச்சரிக்கை. தேக்குக் கதவுகளில் பல தலைமுறை எனாமல் ஏறியிருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை உலர்வாகச் சுரண்டினாலும், ஊதுவிளக்கு வைத்துப் பொசுக்கினாலும் ஈயத் தூசியும் புகையும் கூடம் முழுக்கப் பரவும். குழந்தைகளின் மூளைக்கு அது கெடுதல். கதவுகளைக் கழற்றி வெளியே கொண்டுபோய், நனைத்துத் தேய்த்து, விழுகிற சக்கையைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அந்த நாட்களில் சிறுவர் பகுதியைத் திறக்காதீர்கள். வேலைக்கு வருகிற பையன்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், கைக்குட்டை போதாது.

சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும் என்பது எல்லோரும் சொல்கிற புகார். வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் ஒட்டத்தான் செய்யும். சுவரை முதலில் நனைக்க வேண்டும். தண்ணீராக, மெல்லிசாக, மூன்று கை அடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. மொத்தமாக ஒரே கையில் அப்பினால் பொறுக்குத் தட்டி உதிரும். உச்சி வெயிலில் அடித்தால் பிடிக்காமலே காய்ந்து மாவாகிவிடும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது, அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரக்குறிப்பிலேயே சுண்ணாம்பில் கோந்து கரைத்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. வெள்ளை எடுப்பாகத் தெரிய ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை நீலமும் போடச் சொல்லியிருக்கிறது. பெஞ்சில் முதுகு உரசுகிற இடத்தில் மட்டும் சுவரைத் தொடாமல் சற்றுத் தள்ளி மரச்சட்டம் அடித்துவிட்டால் புகாருக்கே இடமில்லை. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேலே ஒரு கை அடிக்க வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் எமல்ஷன் உப்பிக்கொண்டால் சுரண்டி, உடைத்து, மறுபடி பூசுகிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அந்த மூன்றடிச் சிமெண்டை உடைத்து எடுக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்புப் பூச்சு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், கூலி கூடத்தான் கேட்பார், கொடுங்கள். சுவருக்கு ஆற அவகாசமும் கொடுங்கள். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் திணிக்காதீர்கள். மழை முடிந்து, தை பிறந்த பிறகு சுவர் கொஞ்சம் உலர்ந்திருக்கும். சித்திரை வெயில் வருவதற்குள் அடித்து முடிப்பது உத்தமம்.

ஞாயிற்றுக்கிழமை நிறத்துக்கு ஓட்டு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு 'எமல்ஷனா, சுண்ணாம்பா' என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். சுண்ணாம்பு என்றால், வடக்குச் சுவரில் எமல்ஷனைச் சுரண்டிவிட்டு, மூன்றடிக்கு மூன்றடியாக மூன்று கட்டம் நான் அடித்துக் காட்டுகிறேன்: வெள்ளை, வெளிர் மஞ்சள், கொஞ்சம் தூக்கலான மஞ்சள். வாளியில் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து, காய்ந்தால் நன்றாக வெளுத்துவிடும். ஒரு வாரம் கழித்து காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, இரவு டியூப் லைட்டில் ஒருமுறை எல்லோரும் வந்து பார்க்கட்டும். முக்கியமாக அங்கே தினமும் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். அப்புறம் ஓட்டு எடுக்கலாம்.

மாதிரிக் கட்டங்களுக்கு எனக்குக் கூலி வேண்டாம். சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி ஊறப்போட வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. பின்கட்டில் பெரிய சிமெண்ட் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதை உபயோகிக்க அனுமதியும், பின்வாசல் சாவியும் இந்த வாரமே கொடுத்தால் திங்கட்கிழமை காலையில் கல்லைப் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
இதே தெருவில் குடியிருக்கும் பெயிண்டர்